பெர்ன்ஹில்: தங்கினால்தான் தெரியும் கோடை

மே மாதம் பிறந்துவிட்டால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை சாலை முழுக்க வண்டிதான். கல்லாறில் நின்று, பர்லியாரில் டீ குடித்து, குன்னூரில் திணறி, மதியத்துக்கு மேல் ஊட்டியைத் தொடும் குடும்பம், கவர்மெண்ட் கார்டன், ரோஜாப் பூங்கா, ஏரிப் படகு, தொட்டபெட்டா என்று நான்கு வாசல்களில் வரிசையில் நிற்கிறது. மறுநாளே மூட்டை கட்டி இறங்கிவிடுகிறது. கையில் சாக்லேட் பெட்டி, தைல பாட்டில். ஊட்டி எப்படி என்று கேட்டால், ஒரே கூட்டம் என்பதுதான் பதில்.

ஊட்டியின் தென்மேற்கு ஓரத்தில், நகரத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் பெர்ன்ஹில் இருக்கிறது. நீலகிரிக் கோடையின் சுகங்கள் எல்லாம் அங்கே கூட்டமில்லாமல், வரிசையில்லாமல், பெரும்பாலும் காசில்லாமல் கிடைக்கின்றன. காலை வெயிலில் ஒரு நடை, பிடுங்கிய ஈரம் காயாத கேரட், நாலு மணிக்குச் சூடான டீயும் வர்க்கியும், மதியத்துக்கு மேல் மலையை மூடும் மூடுபனி, அதன்பின் ஒரு கோடை மழை. இவற்றுக்குத் தேவையான ஒன்றே ஒன்று நேரம். அதைத்தான் நாம் மலைக்குக் கொண்டுபோவதில்லை. கோடையை எப்படிக் கழிப்பது என்று இந்தச் சிறிய குன்று நமக்குச் சொல்லித் தரும்.

கோடைக்காக எழுந்த குன்று

பெர்ன்ஹில்லின் வரலாறே கோடையின் வரலாறு. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கம் மலையேறினார். வெயில் தாங்காத ஆங்கிலேயர்கள் அடுத்த சில ஆண்டுகளில் ஊட்டியில் வீடு கட்டத் தொடங்கினார்கள். கேப்டன் காட்டன் என்ற ராணுவ அதிகாரி 1844-இல் பெர்ன்ஹில்லில் ஒரு பங்களா கட்டினார். 1870 முதல் சென்னை மாகாண அரசே கோடைக்கு ஊட்டிக்கு வந்தது. 1873-இல் அந்தப் பங்களா மைசூர் அரச குடும்பத்தின் கைக்குப் போய், அவர்களது கோடை அரண்மனையாக வளர்ந்தது. பர்மாத் தேக்கு, அலங்கார மேற்கூரை கொண்ட நடனக் கூடம், சுற்றிலும் புல்வெளி என்று விரிந்த அந்த மாளிகை பின்னாளில் பாரம்பரிய விடுதியானது. மைசூர் அரசுக்குச் சொந்தமாக இருந்த நிலத்தின் ஒரு பகுதியில், 38 ஏக்கரில், கர்நாடகத் தோட்டக்கலைத் துறையின் பூங்கா 2018-இல் திறக்கப்பட்டது.

மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் வந்தது. குன்னூருக்கு மேலே தண்டவாளம் போட்டு முடிக்க இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1908 செப்டம்பர் 15-ஆம் தேதி ரயில் பெர்ன்ஹில்லைத் தொட்டது. ஊட்டிக்கு அது போய்ச் சேர்ந்தது அக்டோபர் 15-இல்தான். ஆக, ஒரு மாதம் முழுக்க இந்தப் பாதையின் கடைசி ஸ்டேஷன் பெர்ன்ஹில்தான். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த அந்த ரயில் இப்போது இங்கே நிற்பதில்லை. லவ்டேலைத் தாண்டி ஊட்டிக்கு இறங்கும்போது விசில் மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறது.

அந்தக் காலத்துக் கோடைவாசிகளின் செல்வம் நமக்கு வேண்டாம். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு பழக்கம். மலைக்கு வந்தால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அவர்கள் தங்கினார்கள். காலையில் நடந்தார்கள், மாலையில் பேசினார்கள், விளைந்ததைச் சாப்பிட்டார்கள். அரண்மனைக்கு வெளியே, இந்தச் சரிவுகளில் உழைத்து வாழும் மக்களுக்கு இது அன்றாட வாழ்க்கை. பக்கத்து மஞ்சனக்கொரைக்குப் போனால் வீடுகளையொட்டியே காய்கறிப் பாத்தி ஆரம்பித்துவிடும். திண்ணை முடிகிற இடத்தில் முட்டைக்கோஸ் வரிசை நிற்கும்.

மண் மணக்கும் சமையல்

உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், காலிபிளவர், நூல்கோல், டர்னிப். இவற்றை மலையில் பொதுவாக 'இங்கிலீஷ் காய்கறி' என்பார்கள். சல்லிவன் காலத்தில் வெள்ளைக்காரர்களின் சாப்பாட்டு மேசைக்காகத் தொடங்கிய பயிர்கள் இவை. இன்று கோயம்பேடு வரை போகும் இந்த விளைச்சலை நம்பித்தான் படுகர் கிராமங்களான ஹட்டிகள் பலவற்றின் பிழைப்பே நடக்கிறது. உருளைக்கு மூன்று போகம் உண்டு. தை, மாசியில் நீர் பாய்ச்சி நடுவது நீர்போகம். சித்திரை மழையை எதிர்பார்த்து நடுவது கார்போகம். ஆவணி வாக்கில் நடுவது கடைபோகம். பெர்ன்ஹில்லிலிருந்து எமரால்டு போகும் வழியில் முத்தோரை இருக்கிறது. அங்கே 1957 முதல் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. இந்த மலையில் கிழங்கு போடுகிறவர்களின் பெரிய எதிரி பின்கருகல் நோய். அதைத் தாங்கும் ரகங்களைக் கண்டுபிடிப்பதுதான் அந்த நிலையத்தின் முக்கிய வேலை. குப்ரி ஸ்வர்ணா, குப்ரி சஹ்யாத்ரி போன்ற ரகங்கள் இந்த மலைக்காக வந்தவை.

கோடையில் முத்தோரை பாலாடா பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். சரிவெல்லாம் படிப்படியாகப் பாத்தி. ஒன்றில் கேரட் இலை காற்றில் ஆடும், ஒன்றில் பூண்டு காய்ந்து மஞ்சளாகும், ஒன்றில் அப்போதுதான் கிளறிய கறுப்பு மண் ஆவி விடும். பிடுங்கிய கேரட்டைக் கழுவும் இடத்தில் ஆரஞ்சு நிறக் குன்று எழும். வேலை செய்கிறவர்களிடம் கேட்டால் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். இலையைத் திருகிப் போட்டுவிட்டு அப்படியே கடிக்கலாம். மலைக்குளிரில் கேரட் சர்க்கரையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். நான்கு நாள் லாரியிலும் கடையிலும் கிடந்து வரும் கேரட்டில் அந்த இனிப்பும் இராது, மடக்கென்று உடையும் அந்தச் சத்தமும் இராது. ஊட்டிக்கு வந்து காட்சிமுனையைப் பார்க்காமல் போனாலும் நட்டமில்லை. பாத்தியிலிருந்து வந்த ஒரு கேரட்டைக் கடிக்காமல் போகக்கூடாது.

படுகர் வீட்டுச் சமையல் இந்த மண்ணின் அசல் ருசி. அவரையும் உருளைக்கிழங்கும் சேர்த்து, வீட்டிலேயே வறுத்து அரைத்த மசாலாவோடு கொதிக்கவிடும் 'அவரை உதக்கா' சோற்றுக்கும் ராகிக் களிக்கும் ஒரே மாதிரி பொருந்தும். இங்கே ஒரு சின்ன இயற்பியலும் அடுப்பில் வேலை செய்கிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் பருப்பும் அவரையும் வேக அதிக நேரம் எடுக்கும். அடுப்பு நிதானமாக எரிய, வீடெல்லாம் மல்லியும் மிளகாயும் மணக்க, பசி தானாகப் பெருகும். விசேஷ நாளில் 'எண்ணெ இட்டு' என்ற இனிப்புப் பலகாரம் பொரிப்பார்கள். கோடை முடிந்து மழை தொடங்கும் காலத்தில் ஹட்டிகளில் 'தெவ்வ ஹப்ப' என்ற அறுவடைத் திருவிழா நடக்கும். புதுத் தானியத்தைத் தெய்வத்துக்குப் படைத்த பிறகே வீட்டார் சாப்பிடும் வழக்கம் அது. சாமையும் ராகியும் இந்தச் சரிவுகளை நிறைத்திருந்த காலத்தின் நினைவை அந்தத் திருவிழா இன்னும் காத்து வருகிறது.

சமவெளியில் சௌசௌ என்று வாங்கும் காய்க்கு இங்கே மேரக்காய் என்று பெயர். வேலியில் படர்ந்து தானாகக் காய்க்கும். மரத்தக்காளி என்று ஒன்று உண்டு. முட்டை வடிவில், கருஞ்சிவப்பாக மரத்தில் தொங்கும். அதைத் தணலில் வாட்டித் தோலுரித்து, மிளகாயும் உப்பும் வைத்து நசுக்கினால் சட்னி தயார். மலைப்பூண்டு நான்கு பல் போட்ட ரசமும் இந்தச் சட்னியும் சுடுசோறும் இருந்தால், எட்டு டிகிரிக் குளிர் இரவிலும் உடம்பு கதகதக்கும்.

மலையேறும் பழங்கள்

கோடை விடுமுறையில் நீலகிரிக்கு வரும் பாதையே ஒரு பழ வரிசை. உயரம் ஏற ஏறப் பழம் மாறும். மலையடிவாரக் கல்லாறில் 1900-இல் தொடங்கிய அரசுப் பழப்பண்ணை இருக்கிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த அந்தக் காட்டில் மங்குஸ்தானும் துரியனும் காய்க்கின்றன. கொஞ்சம் மேலே பர்லியார் பண்ணை 1871-இல் உருவானது. அங்கே ரம்புட்டானும் கிராம்பும் ஜாதிக்காயும் சேர்ந்துகொள்ளும். பர்லியாரில் பஸ் நின்றால், மங்குஸ்தான் பருவமாக இருந்தால், கறுஞ்சிவப்புத் தோலை இரண்டு கைக்குள் வைத்து அழுத்தித் திறந்து, வெள்ளைச் சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டுதான் அடுத்த வளைவு ஏற வேண்டும்.

1,800 மீட்டருக்கு மேலே குன்னூர். மே, ஜூன் மாதங்களில் பிளம்ஸும் பீச்சும் தெருவோரக் கூடைகளில் வந்துவிடும். கையகலம்கூட இல்லாத நாட்டு பிளம்ஸ், தோல் புளிப்பு, உள்ளே தேன். கடைக்காரர் உப்பு மிளகாய்த்தூளை மடித்துத் தருவார். 1874-இல் உருவான சிம்ஸ் பூங்காவில் ஆண்டுதோறும் மே மாதத்தில் பழக் கண்காட்சி நடக்கிறது. மழை பிடித்தபின் பேரிக்காய்க் காலம். அடுத்த உயரத்தில் ஊட்டி, பெர்ன்ஹில். இங்கே வேலியில் தாட்பூட் பழம் தொங்கும். கடைகளில் பேஷன் ஃப்ரூட் என்று விலை போட்டு விற்பது இதைத்தான். உலுக்கினால் உள்ளே நீர் ஆடும். பாதியாக வெட்டி, சர்க்கரை தூவி, கரண்டியால் வழித்துச் சாப்பிடுவது குழந்தைகளின் கோடை.

கடைக்கு வராத பழங்கள் புதரில் இருக்கின்றன. தவிட்டுப்பழம் அவற்றின் அரசன். வெயில் படும் புல்சரிவில் இடுப்பளவு செடி, ரோஜா நிறப் பூ, ஊதாப் பழம். சாப்பிட்டால் நாக்கும் ஊதாவாகிவிடும். முட்புதரில் காய்க்கும் மஞ்சள் பழமும் உண்டு. காம்பில் குமிழ் குமிழாக இருக்கும், தொட்டால் கையோடு வந்துவிடும். பள்ளி விட்டுத் திரும்பும் பிள்ளைகள் சட்டைப் பையை நிரப்புவது இவற்றால்தான். நீலகிரிச் சிரிப்பானும் இதே பழங்களுக்காகத்தான் புதருக்குள் அலைகிறது. உலகத்தில் நீலகிரி மலைப்பகுதியில் மட்டுமே வாழும் பறவை அது. பழம் பறிக்கும்போது மேல்கிளையில் இருப்பதை விட்டுவைப்பது மலையில் வளர்ந்தவர்களின் பழக்கம். வருகிற நாமும் அதைப் பின்பற்றலாம்.

நாலு மணியும் வர்க்கியும்

மதியத் தூக்கம் என்ற ஒன்று மலையில் கிடையாது. அந்தக் குறையை நாலு மணி டீ தீர்த்துவிடும். டீயோடு வர்க்கி. மைதா, சர்க்கரை, உப்பு, வனஸ்பதி, இவற்றோடு 'மாவா' என்று பேக்கரிக்காரர்கள் சொல்லும் புளித்த கலவை. இவ்வளவுதான் சேர்மானம். மாவைத் திரும்பத் திரும்ப மடித்து, முறுக்கி, விறகு அடுப்பில் சுட்டெடுத்தால் வெளியே மொறுமொறுப்பும் உள்ளே அடுக்கடுக்கான மென்மையும் கிடைக்கும். வெள்ளைக்காரர் காலத்துப் பேக்கரிகளில் பிறந்த இந்தப் பண்டம் இன்று நீலகிரியின் அடையாளம். புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. பெட்டியில் அடைத்து ஊருக்கு எடுத்துப்போகும் வர்க்கிக்கும், அடுப்பிலிருந்து தட்டோடு வெளியே வந்த வர்க்கிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பிந்தையது வேண்டுமென்றால் காலையிலேயே பேக்கரிக்குப் போய் எப்போது தட்டு இறங்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

டீயைப் பற்றி ஒரு வார்த்தை. நீலகிரித் தேயிலையைப் பறித்துக் கொடுக்கும் கைகளில் பல, இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் கைகள். 1964-இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க, 1968-இல் அரசு தேயிலைத் தோட்டங்கள் போடத் தொடங்கியது. டான்டீ என்று நாம் அறிந்த நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கத்து லயன் வீடுகளில் இன்றும் காலையில் தேங்காய்ப்பூ போட்ட ரொட்டியும் கட்டச் சம்பலும் உண்டு. பால் சேர்க்காத சாயத்தண்ணியை ஒரு மடக்குக் குடித்து, உள்ளங்கையில் வைத்த கருப்பட்டியையோ சர்க்கரையையோ நாக்கால் தொட்டுக்கொள்வார்கள். இலையின் உண்மையான மணம் தெரிய வேண்டுமானால் அப்படிக் குடித்துப் பார்க்க வேண்டும். நம் கோப்பைக்கு வரும் இந்தச் சுகத்துக்குப் பின்னால் ஒரு பெரிய இடப்பெயர்வின் வலி இருக்கிறது. அதை மறக்காமல் குடிப்பதுதான் மரியாதை.

கால் போகும் வழி

பெர்ன்ஹில்லின் முதல் சொத்து அதன் பாதைகள். அவலாஞ்சி சாலையில் கொஞ்ச தூரத்திலேயே கேர்ன்ஹில் காடு வந்துவிடும். வனத்துறை பராமரிக்கும் இந்தக் காட்டில் உயர்ந்த சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே நடக்கலாம். காலடியில் சருகு மெத்தை, மேலே பிசின் வாசம். இன்னொரு பக்கம் லவ்டேல். 1858-இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி இருக்கும் ஊர். அதற்கும் அப்பால் கேத்தி. 'மூன்றாம் பிறை' படத்தின் கடைசிக் காட்சியில் கமல்ஹாசன் ஸ்ரீதேவியிடம் தன்னை நினைவுபடுத்தத் துடிப்பது அந்தக் கேத்தி ரயில் நிலையத்தில்தான். ஊட்டியிலிருந்து காலை ரயிலில் ஏறி லவ்டேலிலோ கேத்தியிலோ இறங்கி, சாலை வழியாகவே திரும்பி நடந்தால் நேரம் போவதே தெரியாது.

காலை ஏழு மணிக்குக் கிளம்புவது நல்லது. அந்த நேரத்தில் புல் நுனியெல்லாம் பனி நிற்கும். கொண்டைக்குருவிகள் வேலியில் கூவும். சோலையின் ஓரத்தில் நீலகிரிச் சிரிப்பான் ஒன்று குரலெடுத்தால் நான்கு பதில் சொல்லும். பக்கத்துச் சோலையில் நீலகிரிக் காட்டுப்புறா சத்தமில்லாமல் பழம் தின்னும். சித்திரையில் குன்னூர் சாலையில் ஜகரண்டா ஊதாப் பூவைக் கொட்டும். உயரே புல்வெளிகளில் காட்டுப்பூவரசு பனிக்காலம் தொட்டே சிவந்து பூத்திருக்கும். கோடை தொடக்கத்தில் போனால் கடைசிக் கொத்துகளைப் பார்க்கலாம்.

புல்வெளிகளுக்கு உரியவர்கள் தோடர்கள். அவர்களது குடியிருப்புக்கு மந்து என்று பெயர். எருமைதான் அவர்களுக்குச் செல்வம், சடங்கு, கோயில் எல்லாம். ஒரு புல்வெளி வறண்டால் எருமைகளோடு ஈரமான மேற்குச் சரிவுகளுக்குப் போய்த் தங்கித் திரும்புவது அவர்களது பழைய முறை. கோடையில் இடம் மாறி வாழும் கலையை, வெள்ளைக்காரர் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே இந்த மலையில் அவர்கள் வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள். மந்துக்குள் அழைப்பில்லாமல் நுழையக்கூடாது. அவர்கள் கறுப்பு சிவப்பு நூலில் போடும் பூவேலைச் சால்வை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. வாங்குவதென்றால் அவர்களிடமே, சொன்ன விலைக்கே வாங்குவது நல்லது.

ஓர் எச்சரிக்கை. இந்த மலை காட்டு மாடுகளுக்கும் கரடிக்கும் சிறுத்தைக்கும் சொந்தம். அந்தி சாய்ந்தபின் நடை வேண்டாம். காட்டு மாடு தேயிலைத் தோட்டத்தில் நின்றால் படம் எடுக்க நெருங்காமல் வந்த வழியே திரும்ப வேண்டும். தண்டவாளத்தில் நடப்பதும் கூடாது.

பேச்சு வளர்ந்த குன்று

பெர்ன்ஹில்லுக்கு இன்னொரு கோடையும் உண்டு. படிப்பும் பேச்சுமான கோடை. நாராயண குருவின் சீடர் நடராஜ குரு 1923-இல் இங்கே நாராயண குருகுலத்தைத் தொடங்கினார். பாரிஸில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். அவரது மாணவர் நித்ய சைதன்ய யதி கடைசிவரை இங்கே வாழ்ந்து, 1999 மே மாதம் இங்கேயே மறைந்தார். யதியிடம் மாணவராக இருந்த எழுத்தாளர் ஜெயமோகனின் முயற்சியில், இந்தக் குருகுலத்தில் தமிழ் இலக்கிய முகாம்கள் பல ஆண்டுகள் நடந்தன. கம்பனும் சங்கப் பாடலும் நவீனக் கவிதையும் ஒரே கூடத்தில் பேசப்பட்டன. மாலையானால் மொத்தக் கூட்டமும் பேசிக்கொண்டே நடக்கப் போய்விடும். இன்று தமிழில் எழுதும் பலர் ஒருவரையொருவர் முதலில் கண்டுகொண்டது இந்தக் குன்றில்தான்.

கோடை விடுமுறையின் மிகப்பெரிய சுகம், முடிக்க வேண்டிய அவசரம் இல்லாத பேச்சு. நம் வீடுகளில் தாத்தா வீட்டுத் திண்ணையும் மொட்டைமாடிப் பாயும் தந்த சுகம் அது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, போன் சிக்னல் விட்டு விட்டு வரும் ஓர் அறையில், பெரியவர்கள் கதை சொல்லப் பிள்ளைகள் கேட்கும் இரவு ஊட்டியில் இன்னும் கிடைக்கிறது. ஒரு நல்ல புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனால், கண்காட்சி டிக்கெட்டைவிட அது அதிகம் தரும்.

மதியத்து மழை

சித்திரை, வைகாசியில் காலை வெயில் பளிச்சென்று இருக்கும். இரண்டு மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறும். எதிரே இருக்கும் மரம் மறையும், பக்கத்து வீடு மறையும். பிறகு மழை. சில நாள் ஆலங்கட்டியும் விழும். பிள்ளைகள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவார்கள். மழை விட்டதும் கற்பூர மரங்களிலிருந்து தைல வாசம் கிளம்பும். மிளகாய் பஜ்ஜிக் கடையில் எண்ணெய் காயும். சமவெளியில் நாற்பது டிகிரியில் வேகும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை.

இந்த வரம் தானாக நிலைத்திருக்காது. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி வெப்பம் பதிவானது. அதுவரை அங்கே பதிவான எல்லா வெப்பநிலையையும் மிஞ்சியது அது. கூட்டமும் சேர்ந்துகொண்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. பிளாஸ்டிக்குக்கு எதிராக நாட்டிலேயே முன்னோடியாக நின்ற மாவட்டம் இது. தண்ணீர் பாட்டிலுக்குக்கூட இங்கே தடை. இவற்றைத் தொல்லை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. மலைக்கு ஒரு கொள்ளளவு உண்டு. அதைத் தாண்டினால், நாம் தேடி வந்ததையே நம் வருகை அழித்துவிடும்.

தண்ணீரின் கணக்கையும் பார்க்க வேண்டும். பெர்ன்ஹில்லில் இயங்கும் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளென்மார்கனில் ஒரு நீண்ட ஆய்வு செய்தது. புல்வெளி ஓடைப்பகுதி ஒன்றில் கற்பூர மரம் நட்டு, பக்கத்தில் இன்னொன்றைப் புல்வெளியாகவே விட்டு, இரண்டிலும் வரும் நீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். மரம் நட்ட பகுதியில், முதல் பத்தாண்டிலேயே ஓடையின் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. 1843-இல் மலைக்கு வந்த கற்பூர மரத்துக்கும், பிறகு பரவிய சீகை மரத்துக்கும் நாம் கொடுத்த விலை இது. சோலையும் புல்வெளியும்தான் மழையைப் பிடித்து வைத்து, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகின்றன. கேரட் பாத்திக்கு நீர் அங்கிருந்து வருகிறது. பவானிக்கும் அங்கிருந்து வருகிறது. ஈரோட்டிலும் கோபியிலும் நெல் போடுகிறவருக்கும் இந்தப் புல்வெளியில் பங்கு உண்டு.

போகிறவர்களுக்கு

முதலில் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் சொந்த வண்டியை விட்டுவிட்டு மேட்டுப்பாளையத்திலிருந்து ரயிலிலோ அரசுப் பேருந்திலோ ஏறுங்கள். 46 கிலோமீட்டர் ரயில் பாதை, ஏறுவதற்கு ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரமும் பயணத்தின் பகுதிதான். மே மாதத்தின் கண்காட்சி வாரங்களைத் தவிர்த்தால் மலை பாதியாகக் காலியாகும். 1896-இல் தொடங்கிய மலர்க் கண்காட்சியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், கதவு திறக்கும் நேரத்துக்குப் போய், கூட்டம் வருமுன் வெளியே வந்துவிடுங்கள். ஸ்வெட்டரும் குடையும் பையில் இருக்கட்டும். உயரத்தில் வெயில் சுடுவது தெரியாமலே தோலைக் கருக்கும், அதனால் தொப்பியும் வேண்டும். வீட்டிலிருந்து ஒரு ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்கள்.

பெர்ன்ஹில், மஞ்சனக்கொரை, லவ்டேல், கேத்தி போன்ற ஓரத்து ஊர் ஒன்றில் மூன்று இரவாவது தங்குங்கள். காயும் பழமும் விளைவித்தவரிடமோ, உழவர் சந்தையிலோ, 1935 முதல் விவசாயிகளுக்காக இயங்கும் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்திலோ வாங்குங்கள். நீங்கள் கொடுக்கும் காசு அந்த மண்ணிலேயே நிற்கும். பேரம் பேசாமல் ஒரு கட்டுக் கேரட் வாங்கி, அதை அங்கேயே கடித்துத் தின்றுகொண்டு நடங்கள். பிள்ளைகளுக்குத் தவிட்டுப்பழச் செடியைக் காட்டுங்கள். மாலையில் மூடுபனி ஏறும்போது எங்கும் போகாதீர்கள், சும்மா உட்கார்ந்திருங்கள்.

நான்கு வாசல் பார்த்துவிட்டு மறுநாளே இறங்கும் பயணம் உங்களுக்கும் களைப்பு, மலைக்கும் பாரம். அடுத்த கோடையில் ஒரு ஊரை மட்டும் தேர்ந்தெடுத்து, மூன்று நாள் அங்கே இருந்து பாருங்கள். பெர்ன்ஹில் உங்களை ஏமாற்றாது.